‘பெர்மிஷன் டினைட்’ வந்தால் முதலில் உரிமையாளரைப் பாருங்கள்

பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்த படங்களைப் புதிய உபுண்டு கணினிக்கு மாற்றுகிறீர்கள். சாதாரணமாக நகலெடுக்க விடவில்லை என்று சூடோ போட்டு ஃபோல்டரோடு எடுத்துவிட்டீர்கள். படங்கள் திறக்கின்றன. ஆனால் ஒன்றின் பெயரை மாற்றப் போனால் ‘பெர்மிஷன் டினைட்’. சூடோ போட்டுச் செய்த வேலை ரூட் என்ற நிர்வாகப் பயனர் செய்த வேலையாகவே கணக்கில் ஏறும். அந்த ஃபோல்டருக்கு இப்போது ரூட்தான் உரிமையாளர்.

எதையும் மாற்றும் முன் டெர்மினலில் எல்எஸ் -எல் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பத்து எழுத்துகள். முதலாவது ‘டி’ என்றால் ஃபோல்டர், சிறுகோடு என்றால் சாதாரணக் கோப்பு. மீதி ஒன்பதை மும்மூன்றாகப் படியுங்கள்: உரிமையாளருக்கு, குழுவுக்கு, மற்றவர்களுக்கு. ‘ஆர்’ படிக்க, ‘டபிள்யூ’ எழுத, ‘எக்ஸ்’ இயக்க. சற்றுத் தள்ளி உரிமையாளர் பெயரும் குழுவின் பெயரும் இருக்கும். அங்கே ‘ரூட் ரூட்’ என்றிருந்தால் சிக்கல் பிடிபட்டுவிட்டது.

சில சமயம் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 1001 என்று எண் நிற்கும். டிஸ்க்கில் லினக்ஸ் எழுதிவைப்பது பெயரை அல்ல, எண்ணைத்தான். உபுண்டுவில் முதல் பயனரின் எண் 1000. பழைய கணினியில் இரண்டாவது பயனராக இருந்தவருக்கு 1001 கிடைத்திருக்கும்; புதிய கணினிக்கு அந்த எண் யாருடையது என்றே தெரியாது. முதலில் நகலெடுக்க விடாததற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சரிசெய்ய சிஎச்ஓன் கட்டளை. உங்கள் பயனர் பெயர் மலர் என்றால், ‘சூடோ சிஎச்ஓன் -ஆர் மலர்:மலர்’ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, பின்னால் ஃபோல்டரின் முழுப் பாதையைக் கொடுங்கள். ‘ஆர்’ மட்டும் பெரிய எழுத்து. உள்ளே இருப்பவை அனைத்துக்கும் என்று பொருள். ஃபேட்32 பென் டிரைவில் இது எடுபடாது. அந்த வகையில் உரிமையாளரைக் குறித்துவைக்க இடமே இல்லை.

உரிமையாளர் சரியாக இருந்தும் மறுத்தால் சிஎச்மோட். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டிக்கொள்ளுங்கள். கோப்புக்கு 644, ஃபோல்டருக்கு 755 பெரும்பாலும் போதும். இரண்டையும் குழப்பி எல்லாவற்றுக்கும் 644 போட்டால் ஃபோல்டருக்குள் நுழையவே முடியாது. ஃபோல்டரில் ‘எக்ஸ்’ என்பது உள்ளே போகும் அனுமதி. ஒரு கோப்பை அழிக்கலாமா என்பதையும் கோப்பின் அனுமதி தீர்மானிப்பதில்லை, அது இருக்கும் ஃபோல்டரின் ‘டபிள்யூ’, ‘எக்ஸ்’ இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

‘777 போடு, சரியாகிவிடும்’ என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் கணினியில் இயங்கும் எந்தப் பயனரும் எந்தப் புரோகிராமும் உங்கள் கோப்பைத் திருத்தலாம் என்று எழுதிக் கொடுப்பதுதான் 777. அனுமதி மிஞ்சினாலும் மறுப்பு வரும்: வேறு கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் தனிச் சாவியை மற்றவர்களும் படிக்கலாம் என்று விட்டால், அந்தச் சாவியை எஸ்எஸ்ஹெச்சே ஏற்காது. அதற்கு 600தான் சரி.

இவ்வளவும் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் மட்டும். பாதையை அடிக்கும்போது வெறும் சாய்கோட்டோடு நின்றுவிட்டால் கணினி முழுவதும் மலர் பெயருக்கு மாறிவிடும். சூடோ வேலை செய்ய அதன் கோப்பு ரூட்டின் உடைமையாக இருக்க வேண்டும். அது போனால் தவறைத் திருத்தும் வழியும் அடைபடும். பெரும்பாலும் உபுண்டுவை மறுபடி நிறுவுவதில்தான் போய் முடியும். என்டர் தட்டும் முன் பாதையை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.