பழைய டிராக்டருக்கு மாற்று ரேடியேட்டர்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

உழவு மாடுகளின் இடத்தை டிராக்டர்கள் பெருமளவில் பிடித்துக்கொண்டுவிட்ட இந்நாளில், கிராமத்தில் ஒரு டிராக்டர் நின்றுவிட்டால் அதன் சொந்தக்காரர் மட்டும் நஷ்டமடைவதில்லை. அவரை நம்பி நாற்று விட்டவர்கள், எருவும் மண்ணும் அடிக்கக் காத்திருப்பவர்கள் ஆகிய பலருடைய வேலையும் உடன் நின்றுவிடுகிறது. நம் கிராமங்களில் ஓடும் டிராக்டர்களில் பல, இரண்டாவது மூன்றாவது கைக்கு மாறியவை. 1960-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாஸி பெர்குஸன் வண்டிகளில், இருபது முப்பது ஆண்டுகள் உழைத்தவை இன்றும் வயலில் இறங்குவதைக் காணலாம்.

இத்தகைய பழைய வண்டிகளில் தளர்ந்துபோகும் உறுப்புகளில் ரேடியேட்டர் முக்கியமானது. அது கெட்டுவிட்டால், வண்டியைச் செய்த கம்பெனியின் அசல் பாகத்துக்குப் பதிலாக, பிறர் செய்து விற்கும் மாற்று ரேடியேட்டரை வாங்கிப் பொருத்துவது வழக்கமாகிவிட்டது. விலை குறைவு, பக்கத்து நகரத்திலேயே கிடைக்கிறது. இதில் தவறொன்றுமில்லை. ஆனால், எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பொருத்துவது என்று அறியாமல் செய்தால், மிச்சம் பிடித்த பணத்தைப் போலப் பல மடங்கு கைவிட்டுப் போகும்.

நான் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒன்றியத்தில், சிறு விவசாயி ஒருவர் பழைய 35 குதிரைசக்தி டிராக்டர் ஒன்றைக் கடன் பெற்று வாங்கியிருந்தார். சொந்த நிலம் மூன்று ஏக்கரே. வாடகை உழவுதான் அவருக்கு ஜீவனம். ஓர் ஊராட்சிப் பள்ளியின் மைதானத்தைச் சமப்படுத்தித் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அச்சமயம் வண்டியின் ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கிற்று. வெளியே சோப்பைத் தேய்த்தும், உள்ளே மஞ்சள் தூளைப் போட்டும் சில நாள் ஓட்டினார். பிறகு என்னிடம் வந்தார்.

“ஐயா, ரேடியேட்டரை மாற்றியாக வேண்டும். என்ஜினையும் கழுவிச் சரி பார்த்துவிட்டு மாட்ட நான்கு நாள் ஆகும் என்கிறார் மெக்கானிக்” என்றார்.

மழைக்கு முன் வேலை முடிய வேண்டுமே என்ற கவலையில், “புதிதாக ஒன்று வாங்கி மாட்டினால் ஒரே நாளில் முடியாதா?” என்று கேட்டேன். சக்கரம் மாற்றுவதைப் போன்றதுதான் இதுவும் என்பது அன்று என் எண்ணம். அவர் மறுபேச்சுப் பேசாமல், அன்றிரவே ஒரு மாற்று ரேடியேட்டரை வாங்கித் தாமே மாட்டிக்கொண்டார். மைதானமும் சமமாயிற்று. மூன்றாம் நாள், கூண்டுச் சக்கரம் பூட்டிச் சம்பா நடவுக்குச் சேற்றுழவு ஓட்டும்போது ஆவி கிளம்பிற்று. வெப்பமானியின் முள் வெகு நாளாக வேலை செய்யாததால், அவர் கவனிப்பதற்குள் ஹெட் கேஸ்கட் எரிந்து, சிலிண்டர் ஹெட்டும் வளைந்துவிட்டது. அவர் வாக்களித்திருந்த வயல்களுக்கு உரிய நாற்றுகள் நாற்றங்காலிலேயே முற்றின. அப்பருவத்து வாடகை வருமானம் போனதோடு, வீட்டு நகையும் அடகுக்குப் போயிற்று. அவசரப்படுத்தியவன் நான் என்பதை மறைப்பதற்கில்லை.

என்ஜினைப் பிரித்த வயோதிக மெக்கானிக் அவரிடம் சொன்ன வார்த்தை இது: “தம்பி, பழையது ஏன் கெட்டது என்று பார்க்காமல் புதிதை மாட்டினால், புதிதும் அதே வழியில்தான் போகும்.” அப்பட்டறையில் அமர்ந்து நான் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

ரேடியேட்டரின் வேலை

என்ஜினில் எரியும் டீசலின் உஷ்ணம் முழுவதும் உழைப்பாக மாறுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உழைப்பாகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு போகிறது. மற்றொரு பெரும் பகுதியை என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் ஏற்றுக்கொள்கிறது. வாட்டர் பம்ப் அத்தண்ணீரை ஓட்டுகிறது. சூடான நீர் ரேடியேட்டரின் மேல் தொட்டிக்கு வந்து, மெல்லிய குழாய்களின் வழியே இறங்கும்போது, விசிறி இழுக்கும் காற்றால் ஆறி, கீழ்த் தொட்டியிலிருந்து மீண்டும் என்ஜினுக்குப் போகிறது. ஐஷர் கம்பெனியின் பழைய டிராக்டர்கள் சில காற்றாலேயே குளிர்பவை. அவற்றுக்கு ரேடியேட்டர் இல்லை. ஏனைய வண்டிகளுக்கு இதுவே உயிர்நாடி.

ஆகவே ரேடியேட்டர் தனித்து நிற்கும் உறுப்பு அன்று. பம்ப், விசிறி, பெல்ட், தெர்மோஸ்டாட், ஹோஸ் குழாய்கள், மூடி, தண்ணீர் ஆகிய யாவும் சேர்ந்ததே குளிரூட்டும் அமைப்பு. இவற்றில் ஒன்று கெட்டாலும் என்ஜின் கொதிக்கும்; பழி ரேடியேட்டர் மேல் விழும்.

மாற்றுமுன் காரணம் காண்க

முதலில், என்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நீரில் இடைவிடாமல் குமிழிகள் கிளம்பினால், ஹெட் கேஸ்கட் வழியாக எரிவாயு நீருக்குள் புகுகிறது என்று சந்தேகிக்கலாம். அப்படியானால் புதிய ரேடியேட்டரால் பயன் விளையாது. ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் தாழ வேண்டும்; அதிகம் தாழ்ந்தால் விசிறியும் பம்ப்பும் வேகம் குறைந்து சுற்றும். ரேடியேட்டரின் முன்புறத் தகடுகளில் வைக்கோல் தூசும் பதரும் அடைத்திருந்தால், என்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி மெதுவாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். அடைப்பு நீங்கியதும் கொதிப்பு நின்றுவிட்டால் செலவே இல்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் வண்டி சூடேறாது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. இது சரியன்று. வேண்டிய உஷ்ணம் வரும்வரை நீரைத் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. அது இல்லாவிடில் என்ஜின் வெகுநேரம் குளிர்ந்தே ஓடித் தேய்வும் டீசல் செலவும் மிகும். கெட்டிருந்தால் அதே அளவில் புதிது போடுவதே முறை.

வாங்கும்போது அளக்க வேண்டியவை

கடைக்குப் போகும்போது பழைய ரேடியேட்டரையும் உடன் எடுத்துச் செல்வது உத்தமம். உயரம், அகலம் இரண்டையும் பார்த்தால் போதாது. நடுப்பாகத்தின் கனத்தையும், குழாய் வரிசைகளையும் பார்க்க வேண்டும். மேற்சொன்ன விவசாயி வாங்கியது வெளியளவில் பழையதைப் போலவே இருந்தது. ஆனால், பழையதில் மூன்று வரிசைக் குழாய்கள், புதியதில் இரண்டே. சாலையில் டிரெய்லர் இழுக்க அது போதுமானதாக இருந்தது. சேற்றுழவின் பளுவுக்குப் போதவில்லை.

அடுத்து, மேல் கீழ் ஹோஸ் வாய்களின் குறுக்களவு, அவை அமைந்த பக்கம், போல்ட்டு ஓட்டைகளின் இடைவெளி, வடிகுழாயின் இடம், விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே கிடைக்கும் சந்து ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். விசிறியைச் சுற்றியுள்ள தகட்டுக் கூண்டு புதியதில் பொருந்துமா என்பதும் முக்கியம். நம் நண்பர் ஓட்டைகள் சேரவில்லையென்று அக்கூண்டையே விட்டுவிட்டார். கூண்டு இல்லாவிடில், விசிறி ரேடியேட்டரின் வழியே காற்றை இழுக்காமல் பக்கத்துக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

செம்பும் பித்தளையும் கொண்டு செய்த பழைய மாதிரியில் ஒழுகல் ஏற்பட்டால், நகரத்துப் பட்டறைகளில் ஈயப்பற்று வைத்துச் சரி செய்யலாம். அலுமினிய நடுப்பாகமும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்டவை எடை குறைந்தவை. அளவில் சரியாக இருந்தால் நன்றாகவே குளிரூட்டுபவை. ஆனால், தொட்டி வெடித்தால் எளிதில் பழுது பார்க்க இயலாது. இதை எண்ணித் தெரிவு செய்க. பழைய செம்பு ரேடியேட்டருக்கு எடைக்கு விலை உண்டு. அதை வீணாக எறிய வேண்டாம்.

பொருத்தும் முறை

புதியதை மாட்டுமுன் என்ஜினின் உட்புறத்தைக் கழுவியே தீர வேண்டும். பல ஆண்டுத் துருவும், போட்ட மஞ்சள் தூளும் உள்ளே தங்கியிருக்கும். அவை இரண்டே நாளில் புதிய குழாய்களை அடைத்துவிடும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, நீரோட்டத்துக்கு எதிர்த் திசையில் தெளிந்த நீர் வரும்வரை பாய்ச்சுவது வழக்கம். நான்கு நாள் கேட்ட மெக்கானிக் செய்யவிருந்த வேலை இதுதான்.

ரேடியேட்டரின் அடியிலுள்ள ரப்பர் மெத்தைகளைப் புதிதாகப் போட வேண்டும். ரப்பர் இன்றி இரும்போடு இரும்பாக இறுக்கினால், வண்டியின் அதிர்ச்சியால் பற்றவைத்த இடங்கள் விண்டுபோகும். ஓட்டைகள் சேராவிடில், கம்பியால் இழுத்துக் கட்டாமல், பட்டைத் தகடு கொண்டு தாங்கி செய்துகொள்க. ஹோஸ்களையும் கிளிப்புகளையும் உடன் மாற்றுவது நலம். கீழ் ஹோஸில் பம்ப் நீரை இழுப்பதால் அது சப்பிப்போகக்கூடும். உள்ளே சுருள் கம்பி இருந்த வண்டியானால் புதியதிலும் அது இருக்க வேண்டும். மின் கம்பி எதையும் ரேடியேட்டரில் எர்த் செய்யக் கூடாது. மின்னோட்டம் உலோகத்தை அரித்துவிடும்.

மூடியும் அற்ப விஷயமன்று. அது உள்ளே அழுத்தத்தைக் காத்து, நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. அரை பார் அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 111 டிகிரி சென்டிகிரேடில்தான் கொதிக்கும். வண்டிக்கு உரிய அழுத்த அளவுள்ள மூடியையே போட வேண்டும். அளவுக்கு மீறிய மூடியைப் போட்டால் பழைய ஹோஸ்கள் வெடிக்கும். சூடான என்ஜினில் மூடியைத் திறப்பது பேராபத்து. அழுத்தம் நீங்கிய கணத்தில் நீர் பொங்கி முகத்தில் அடிக்கும்.

எந்தத் தண்ணீர்?

உப்பு மிகுந்த போர்வெல் நீரை ஊற்றுவதே நம் பக்கத்து ரேடியேட்டர்களின் முதல் விரோதி. அடுப்பில் வைத்த பாத்திரத்தில் படியும் வெண்படிவம் இதனுள்ளும் படிந்து, உஷ்ணம் வெளியேறுவதைத் தடுக்கிறது. பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரோடு, கூலண்டை அதன் டப்பாவில் குறித்த விகிதத்தில் கலந்து ஊற்ற வேண்டும். நம் ஊரில் நீர் உறைவதில்லையே, கூலண்ட் எதற்கு என்று கேட்கலாம். அதிலுள்ள மருந்து துருவைத் தடுக்கிறது. கொதிநிலையையும் சற்று உயர்த்துகிறது. ஆனால், பெரும்பாலான கூலண்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான விஷம். வடித்த நீரை வாய்க்காலிலோ கொட்டில் பக்கத்திலோ கொட்டினால், கால்நடைகளும் நாய்களும் நக்கி மாண்டுபோகும். டப்பாவைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

நீரை மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்து வைத்தே என்ஜினை ஓட்ட வேண்டும். மேல் ஹோஸ் சூடேறினால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அறியலாம். அப்போது உள்ளிருந்த காற்று வெளியேறி நீர் மட்டம் தாழும். மீண்டும் நிரப்பி மூட வேண்டும். ஆறிய பின் மறுமுறை மட்டம் பார்த்து, முதல் வாரம் தினமும் காலையில் சோதிக்க வேண்டும். வெப்பமானியின் முள் வேலை செய்யும்படி செய்த பிறகே வண்டியை வயலில் இறக்க வேண்டும்.

முடிவுரை

அந்த விவசாயிக்கு இரண்டாம் முறை வாங்கியதும் மாற்று ரேடியேட்டர்தான், அசல் அன்று. ஆனால், இம்முறை அளந்து வாங்கி, கழுவி, கூண்டையும் பொருத்தினார்கள். நான் மாறுதலாகி வரும்வரை அவ்வண்டி ஒரு நாளும் கொதித்து நின்றதில்லை. ஆகவே குறை பொருளின் மேல் மட்டும் இல்லை. நம் அவசரத்தின் மேலும் உண்டு.

விவசாய அன்பர்கள், பருவம் தொடங்கிய பின் அல்ல, அறுவடை முடிந்து வண்டி ஓய்ந்திருக்கும்போதே இவ்வேலையைச் செய்துகொள்ள வேண்டும். வேலை கொடுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை: மெக்கானிக் நான்கு நாள் கேட்டால், அந்த நான்கு நாளைக் கொடுத்துவிடுங்கள்.