வயதுக்கு ஓர் அளவுகோல்

மூளையின் அமைப்பில் ஏற்பட்ட சிதைவை ஸ்கேன் காட்டிவிடும். ஆனால் அதனால் ஒருவரின் நினைவாற்றல், கவனம், மொழி, திட்டமிடும் திறன் ஆகியவற்றுள் எது குன்றியது, எது தப்பியது என்பதை அறிய நரம்பு உளவியல் மதிப்பீடு எனப்படும் சோதனைத் தொகுப்பே தேவைப்படுகிறது. சொற்பட்டியலைக் கேட்டுச் சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லுதல், சிக்கலான உருவத்தைப் பார்த்து வரைதல், எண்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லுதல் போன்றவை அதில் அடங்கும்.

இச்சோதனைகளின் மதிப்பெண் தனித்து நின்று எதையும் உணர்த்துவதில்லை. டேவிட் வெக்ஸ்லர் 1939இல் வெளியிட்ட நுண்ணறிவுச் சோதனை, ஒருவரை அவருடைய வயதினரோடு ஒப்பிட்டு, அவர்களின் சராசரியை 100 என்று கொண்டது. ஆகவே வேகத்தை அளக்கும் ஒரு பகுதியில் 25 வயதினரும் 70 வயதினரும் ஒரே அளவு விடையளித்தால், முதியவரின் நிலையே மேலானதாகக் கணிக்கப்படும்.

குழந்தைகளிடம் சிக்கல் வேறு வகையானது. திட்டமிடுதலுக்கும் தன்னடக்கத்துக்கும் அடிப்படையான மூளையின் முன்மடல் பகுதி இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருப்பதால், ஐந்து வயதில் தலையில் அடிபட்ட குழந்தை அப்போதைய சோதனையில் தேறிவிட்டு, பாடச்சுமை கூடும் உயர்நிலைப் பள்ளியில் தடுமாறக்கூடும். ஆதலால் ஒருமுறை மதிப்பிட்டதோடு நிறுத்துவது போதாது.

முதியோரிடமோ வயதைக் காட்டிலும் கல்வியே கணிப்பைப் பெரிதும் பிறழச் செய்கிறது. 1975இல் வெளியான, 30 மதிப்பெண் கொண்ட மனநிலைச் சிறுதேர்வு, 100இலிருந்து ஏழேழாகக் கழிக்கவும் ஒரு வாக்கியம் எழுதவும் ஐங்கோணங்களைப் பார்த்து வரையவும் கேட்பதால், பள்ளிப் படியேறாத, ஆனால் வயல் கணக்கை மனத்திலேயே போடும் மூதாட்டி அதில் மறதிநோயாளியாகத் தோன்றிவிட இடமுண்டு. 2005இல் வந்த மான்ட்ரியல் சோதனை, 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண்ணைக் கூட்டித் தருகிறது. எழுத்தையே அறியாதவருக்கு இது மிகச் சிறிய ஈடு. ஹரியாணாவின் பல்லப்கர் பகுதியில், எழுத்தறிவற்ற கிராம முதியோருக்கென 1990களில் இந்தியில் தனிச் சோதனை உருவாக்கப்பட்டதும், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2004இல் வயது, பாலினம், கல்வி ஆகியவற்றின்படி பிரித்த இந்திய அளவுகளை வெளியிட்டதும் இக்குறையைக் களைய எழுந்த முயற்சிகளே.

மனச்சோர்வும் மறதிநோய் போலத் தோற்றமளிக்கும், செவிக்குறையும் அவ்வாறே. எனவே முதியவரைச் சோதனைக்கு அழைத்துச் செல்வோர், அவர் படித்த ஆண்டுகள், பேசும் மொழி, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை உளவியலாளரிடம் முன்கூட்டியே தெரிவிப்பதோடு, மூக்குக்கண்ணாடியையும் காதுகேட்கும் கருவியையும் மறவாமல் கொண்டுசெல்ல வேண்டும்.