சைக்கிள் குழுவோடு போகிறீர்களா? ஒரு கையெழுத்தால் உரிமை போய்விடாது

சனிக்கிழமை சாயங்காலமே வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்துவிடும். நாளை காலை 5 மணி, மத்திய கைலாஷ் சந்திப்பு. ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாக முட்டுக்காடு வரை போய்த் திரும்புகிறோம். ஹெல்மெட், முன்விளக்கு, பின்விளக்கு கட்டாயம். கடைசியில் ஒரு வரி: அவரவர் சொந்தப் பொறுப்பில் கலந்துகொள்ளவும். பணம் கட்டிச் சேரும் பெரிய சவாரிகளில் இதே வரி ஒரு முழுப் படிவமாக நீளும். பலர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். விபத்து நடந்த பிறகு, "நான்தான் எழுதிக் கொடுத்துவிட்டேனே, இனி யாரைப் போய்க் கேட்பது?" என்று அடங்கிவிடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அந்தக் கையெழுத்து உங்களுக்கும் குழுவுக்கும் இடையில் உள்ள விஷயம். பின்னால் வந்து இடித்த கார்க்காரருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வையில் சைக்கிளில் போகிறவர் மூன்றாம் நபர். ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று சட்டம் சொல்வது இவரைப் போன்றவர்களுக்காகத்தான். உன்னிடம் லைசென்ஸ் உண்டா, சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று யாராவது மிரட்டினால் மசிய வேண்டாம். சாதாரண மிதிவண்டிக்கு இவை எதுவும் தேவையில்லை.

தமிழ்நாடு சைக்கிளிங் கிளப், வீ ஆர் சென்னை சைக்கிளிங் குரூப், நகரத்தின் பழைய இடங்களைச் சைக்கிளிலேயே சுற்றிக் காட்டும் சைக்கிளிங் யோகீஸ் என்று சென்னையில் இதற்கு நல்ல அமைப்புகள் இருக்கின்றன. தனியாக ஈசிஆர் போகத் தயங்குகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், கூட்டத்தோடு தைரியமாகப் போகிறார்கள். அந்தத் தைரியம் நியாயமானது. ஆனால் கூட்டத்துக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. வரிசையில் ஐந்தாவதாக வருகிறவருக்குச் சாலை தெரியாது; முன்னால் போகிறவரின் பின்சக்கரம் மட்டும்தான் தெரியும். கச்சேரி சாலை, அடையாறு டிப்போ, பனகல் பூங்கா என்று மெட்ரோ பணிகள் நடக்கும் இடங்களில் சாலையில் பதித்த இரும்புத் தகடு லேசான தூறலிலேயே வழுக்கும். வடிகால் மூடியின் கம்பிகள் சாலை போகும் திசையிலேயே அமைந்திருந்தால், 25 மில்லிமீட்டர் டயர் அந்த இடுக்கில் அப்படியே இறங்கிவிடும். முன்னால் போகிறவர் கையைக் கீழே நீட்டி "ஹோல்" என்று குரல் கொடுப்பது இதற்காகத்தான். அந்தக் குரல் கடைசி ஆள் வரை போக வேண்டும். இயர்போன் மாட்டியிருக்கும் ஒருவரிடம் அது அறுந்துவிடும்.

குழு சவாரியில் பலர் கீழே விழுவது வாகனம் இடித்து அல்ல, ஒருவரோடு ஒருவர் உரசித்தான். தன் முன்சக்கரத்தை முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு ஓட்டுவார்கள். முன்னவர் ஒரு பள்ளத்துக்காக ஒரு சாண் விலகினால் போதும், பின்னால் இருப்பவர் விழுவார். அவர் மேல் இன்னும் இரண்டு பேர் விழுவார்கள். தோள் எலும்பு உடைந்து அறுவை சிகிச்சை என்றால் செலவு லட்சத்தைத் தொடும். இங்கே மோட்டார் வாகனம் எதுவும் சம்பந்தப்படவில்லை. அதனால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் கதவு திறக்காது, மூன்றாம் நபர் காப்பீடும் கிடையாது. இந்த ஓட்டையை அடைக்க ஒரே வழி, உங்கள் சொந்த மருத்துவக் காப்பீடும் தனிநபர் விபத்துக் காப்பீடும்தான். பாலிசியில் போட்டிகளுக்கும் சாகச விளையாட்டுகளுக்கும் விலக்கு போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு எடுங்கள். குழு நடத்துகிறவர்கள் ஆளுக்கு ஆள் இதைக் கேட்டு உறுதி செய்துகொண்டால், அதற்கு எந்தப் படிவமும் ஈடாகாது.

வாகனம் இடித்தால் கதை வேறு. 2024 பிப்ரவரி 28 அன்று நவி மும்பையின் பாம் பீச் சாலையில், இன்டெல் இந்தியாவின் முன்னாள் தலைவர் அவதார் சைனி நண்பர்களோடு அதிகாலைச் சவாரி போய்க்கொண்டிருந்தார். ஒரு வாடகைக் கார் பின்னாலிருந்து மோதியது. அவருக்கு வயது 68. உயிர் பிழைக்கவில்லை. பழகிய சாலை, அனுபவமுள்ள ஆள், கூடத் துணை, எல்லாம் இருந்தும் இது நடந்தது. சனிக்கிழமை இரவு முழுக்கக் கண்விழித்தவர்கள் ஞாயிறு விடியலில் கார் ஓட்டித் திரும்பும் ஈசிஆரில் இதை மறக்கவே கூடாது.

விபத்து நடந்த அந்த ஒரு மணி நேரத்தில் கூட வந்தவர்கள் செய்வதைப் பொறுத்தே பிறகு வரும் எல்லாமும். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் வாகன எண்ணையும், வாகனமும் சைக்கிளும் கிடக்கும் நிலையையும் படம் எடுக்கட்டும். சைக்கிளை ஓரமாக எடுத்து வைப்பது அதற்குப் பிறகுதான். உங்கள் ஜிபிஎஸ் கருவியில் பதிவான நேரமும் வேகமும் சாட்சியம், அழிக்காதீர்கள். "ஐயாயிரம் வாங்கிக்கோங்க சார், போலீஸ் வேண்டாம்" என்று பேச்சு வரும். உள்காயம் எவ்வளவு என்று தெரியாத நேரத்தில் எந்தத் தொகைக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி என்று சொல்லப்படும் விபத்துப் பதிவேட்டில் முதலில் என்ன எழுதுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். போலீஸ் அலைச்சலுக்குப் பயந்து "சைக்கிளிலிருந்து தானாக விழுந்துவிட்டார்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பல மாதம் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் நீதிமன்றத்தில் எடுத்து நீட்டுவது அந்த ஒரு வரியைத்தான். எந்த வாகனம், எங்கே, எத்தனை மணிக்கு இடித்தது என்று நடந்ததை நடந்தபடி சொல்லிப் பதியச் செய்யுங்கள்.

சிகிச்சைக்குக் கையில் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்ட யாருக்கும், அவர் வெளிமாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில், மோட்டார் வாகன விபத்துக்கு ஏழு நாள் வரை ரூ.1.5 லட்சத்துக்குப் பணமில்லாச் சிகிச்சை கிடைக்கும். கொண்டுவந்து சேர்த்தவரைப் பணம் கட்டு, பெயரைச் சொல் என்று கட்டாயப்படுத்த முடியாது. 2016-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த இந்தப் பாதுகாப்பு, இப்போது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவாகவே இருக்கிறது. ஆனால் கூட ஓட்டி வந்த நண்பர்கள் இந்தச் சலுகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டாம். பெயர் கொடுங்கள், சாட்சி சொல்லுங்கள். உங்களை விட்டால் அவருக்கு வேறு ஆள் இல்லை.

ஈசிஆரில் போகப் போகச் சென்னை, தாம்பரம், செங்கல்பட்டு மாவட்டம் என்று காவல் எல்லை மாறும். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு இடம் தரவில்லை. எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும்.

இழப்பீட்டு மனுவுக்கு மோட்டார் வாகனச் சட்டம் வைத்திருக்கும் கெடு ஆறு மாதம். இந்தக் கெடுவை எதிர்க்கும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். மாமல்லபுரத்தில் அடிபட்டிருந்தாலும் மயிலாப்பூர்வாசி சென்னையிலேயே மனு போடலாம். வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்தை நாடச் சட்டம் அனுமதிக்கிறது. யார் தவறு என்று நிரூபிக்காமலே 164-வது பிரிவின் கீழ் இறப்புக்கு ரூ.5 லட்சமும் கடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சமும் கேட்கலாம். கூடுதலாகக் கேட்க 166-வது பிரிவு இருக்கிறது. எது பொருந்தும் என்பதை வழக்கறிஞரோடு பேசி முடிவெடுங்கள். இடித்த வாகனம் நிற்காமல் போய், எண்ணும் கிடைக்காவிட்டால், 2022-ன் மத்திய அரசுத் திட்டப்படி இறப்புக்கு ரூ.2 லட்சம், கடுங்காயத்துக்கு ரூ.50,000. விபத்து நடந்த பகுதியின் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். நின்றிருந்த காரின் கதவைத் திடீரெனத் திறந்து விழச் செய்தாலும் அதை மோட்டார் வாகன விபத்தாக வாதிடலாம். ஓடாமல் கிடந்த வாகனமும் 'பயன்பாட்டில்' இருப்பதாகக் கருதப்படலாம் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சைக்கிளின் பில்லையும் ஃபிரேம் எண்ணின் படத்தையும் வைத்திருந்தால் சேதத்துக்கும் கேட்கலாம்.

குழுவின் பொறுப்புக்கு வருவோம். கட்டணம் வாங்கி நடத்தும் சவாரியில், சொன்ன ஆம்புலன்ஸ் வரவில்லை, பாதுகாப்பு ஏற்பாடு இல்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். இலவசச் சவாரிக்கு அந்தச் சட்டம் வராது. பதினெட்டு வயது நிரம்பாதவர் போட்ட கையெழுத்து ஒப்பந்தமாகாது என்பதை நடத்துகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். பள்ளம், உடைந்த வடிகால் மூடி பற்றி மாநகராட்சியின் 1913-க்கு அழைத்துப் புகார் எண் வாங்கி வையுங்கள். பிறகு அங்கே ஒருவர் விழுந்தால், அதிகாரிகளுக்கு முன்பே தெரியும் என்பதற்கு அந்த எண்தான் ஆதாரம்.

இந்த உரிமைகள் எல்லாம் விலை உயர்ந்த சைக்கிளுக்கு மட்டும் உரியவை அல்ல. நீங்கள் எல்.பி. சாலையில் வரிசையாகப் போகும் அதே விடியலில், இரவு வேலை முடிந்து விளக்கில்லாத பழைய சைக்கிளில் ஒரு வாட்ச்மேன் வீடு திரும்புகிறார். அவரை இடித்துவிட்டுப் போனால் படம் எடுக்கவோ சாட்சி சொல்லவோ ஆள் இல்லை. குழுவாக நீங்கள் அங்கே இருந்தால் நின்றுவிடுங்கள். வாகன எண்ணைக் குறித்து, அவர் வீட்டாரிடம் ஆறு மாதக் கெடுவைச் சொல்லி, வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அவர்கள் போனிலேயே பதிந்து கொடுத்துவிட்டு வாருங்கள்.