‘லையபிள்’: ரசீதின் கடைசி வரி

பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடையில் விசைப்பலகையை மாற்ற என் மடிக்கணினியைக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்தபோது திரையின் குறுக்கே விரிசல். கேட்டதற்கு, கடைக்காரர் ரசீதின் கடைசி வரியில் விரலை வைத்தார். எந்தச் சேதத்துக்கும் கடை ‘லையபிள்’ அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது.

“பொறுப்பு இல்லைன்னு போட்டுட்டா முடிஞ்சுதாம்மா?” என்றார் அப்பா. எனக்குப் பதில் தெரியவில்லை.

‘ரெஸ்போன்சிபல்’, ‘லையபிள்’ இரண்டையுமே நாம் பொறுப்பு என்றுதான் சொல்கிறோம். தம்பியைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது என் பொறுப்பு. மறந்தால் அம்மாவிடம் திட்டு, அவ்வளவுதான். ‘லையபிள்’ என்றால் சட்டம் உள்ளே வந்துவிடும். இழப்பீடோ கடனோ அபராதமோ கட்டியாக வேண்டும். மலாயில் ‘பெர்தாங்கோங்ஜவாப்’. ‘தாங்கோங்’ என்றால் சுமப்பது, ‘ஜவாப்’ பதில். நம் பொறுப்பும் ‘பொறு’ என்ற வேரிலிருந்து வந்ததுதான், அதுவும் சுமப்பதே!

கடைப் பலகைகளில் தினமும் பார்க்கும் ‘செண்டிரியான் பெர்ஹாட்’டிலும் இந்தச் சொல் ஒளிந்திருக்கிறது. ‘பெர்ஹாட்’ என்றால் வரம்புக்குட்பட்டது. நிறுவனம் கடனில் மூழ்கினாலும், பங்குக்குக் கொடுத்த பணம் போகுமே தவிர, பொதுவாகப் பங்குதாரரின் வீட்டில் கைவைக்க முடியாது. (தேர்வு எழுதுவோர் கவனிக்க: ‘லைபல்’ வேறு. அது எழுத்தில் செய்யும் அவதூறு.)

சரி, அந்த ஒரு வரி போதுமா? 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 104ஆம் பிரிவைப் படித்தேன். பிறர் பொருளைக் கையில் வாங்கியவர், தன் சொந்தப் பொருளைச் சாதாரண விவேகமுள்ள ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். 2018 இறுதியில் சிஐஎம்பி வங்கி தொடர்பான வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போனது. வங்கி வீட்டு மேம்பாட்டாளருக்குக் கட்டவேண்டிய தவணையைக் கட்டாததால் கடன் வாங்கியவர்களின் சொத்தே பறிபோயிருந்தது. வங்கி ‘லையபிள்’ ஆகாது என்ற ஒப்பந்த விதியைக் காட்டித் தப்பப் பார்த்தது. வழக்குத் தொடரும் உரிமையையே முற்றாக அடைக்கும் விதி 29ஆம் பிரிவின்படி செல்லாது என்றது நீதிமன்றம். எல்லா விலக்கு விதிகளும் இதனால் விழுந்துவிடவில்லை. ஆனாலும் அச்சடித்த வரியே கடைசி வார்த்தை இல்லை என்று அப்பாவிடம் சொல்ல முடிந்தது.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

கடைக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை. ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அந்தக் கடைசி வரியோடு. திங்கட்கிழமை படிவம் நிரப்பப் போகிறேன்.