த்ராட்டிலின் பூஜ்யம்

எழுமலைக் கடைவீதியில் நின்று நின்று நகரும் பழைய கார் ஒன்று, உசிலம்பட்டிச் சாலையில் ஏறி ஓரளவு வேகம் பிடித்தபின் எவ்விதக் குறையுமின்றி ஓடுகிறது. அதே கார் வேகத்தடையை அணுகி, ஓட்டுபவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தில் திணறி நின்றுவிடுகிறது, அல்லது நிற்கும் இடத்திலேயே காரணமின்றி ரேஸ் ஆகிறது. “ஸ்லோ ஸ்பீடு நிக்க மாட்டேங்குதுண்ணே, மெதுவாப் போனா ஜெர்க் அடிக்குது” என்று மெக்கானிக்கிடம் முறையிடப்படும் இந்த வியாதிக்கு, ஸ்பார்க் பிளக் முதல் பெட்ரோல் பம்ப் வரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துப் பணத்தை விரயம் செய்வதற்கு முன்பாக, த்ராட்டில் பாடியின் பக்கவாட்டில் இரண்டு ஸ்குருக்களால் பிணிக்கப்பட்டு, பெரும்பாலும் மூன்றே ஒயர்களுடன் அமர்ந்திருக்கும் சிறிய கறுப்புப் பெட்டியைப் பரிசோதிப்பதே முறையாகும். த்ராட்டில் பொசிஷன் சென்சார் எனப்படும் அந்த உறுப்பு எஞ்சினை இயக்குவதில்லை. காற்று வழியின் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை, எஞ்சினுக்கு எரிபொருளை அளந்து விடும் கணினிக்கு அறிவிப்பது ஒன்றே அதன் உத்தியோகம்.

காற்றையும் எரிபொருளையும் தக்க விகிதத்தில் கலப்பதே பெட்ரோல் எஞ்சினின் ஆதாரப் பிரச்சினை. ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் பூரணமாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். இவ்விகிதத்தைக் காப்பது யார் என்பது வண்டிக்கு வண்டி வேறுபட்டது. 1911-ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் நேர்ந்தபோது, கரியிலிருந்து எழும் வாயுவினால் வண்டிகளை ஓட்டும் சாதனத்தைத் தயாரித்தது. அவ்வகை வாயு வண்டிகளிலே, வாயுவின் தரம் மாறுவதற்கேற்பக் காற்றின் அளவைக் கையால் கூட்டியும் குறைத்தும் செல்ல வேண்டிய பொறுப்பு ஓட்டுநருக்கே இருந்தது. பெட்ரோல் வண்டிகளிலோ கார்புரேட்டர் அந்தப் பொறுப்பைத் துவாரங்களிடமும் ஜெட்டுகளிடமும் ஒப்படைத்திருந்தது. அவற்றைச் செவியின் துணைகொண்டே டியூன் செய்யும் தேர்ச்சியை நம் மெக்கானிக்குகள் அடைந்தார்கள். 1967-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் டி-ஜெட்ரானிக் என்னும் மின்னணு எரிபொருள் செலுத்தும் முறையை வோக்ஸ்வாகன் 1600 கார்களில் பொருத்திய காலத்திலேயே, த்ராட்டில் தண்டின் முனையில், கதவின் நிலையை மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு அறிவிக்கும் சுவிட்ச் ஒன்று இடம் பெற்றுவிட்டது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் புகை விதிகள் கடுமையானதை ஒட்டி, மாருதி 800 போன்ற எளிய கார்களுக்கும் எம்.பி.எஃப்.ஐ. என்னும் இஞ்செக்டர் முறை வந்தது. பின்னர் 2006-இல் கிளாமர் எஃப்.ஐ., 2007-இல் பல்சர் 220, 2009-இல் கிளாசிக் 500 என்று மோட்டார் சைக்கிள்களுக்கும் இஞ்செக்டர் முறை பரவியது. நகரத்தில் புதிதாக வாங்கப்பட்டு, இரண்டு மூன்று கைகள் மாறிய பிறகு கிராமங்களையும் சிற்றூர்களையும் வந்தடைந்து, அங்கேயே தம் ஆயுளின் நீண்ட பாகத்தைக் கழிக்கும் வண்டிகள் இவை.

சென்சாரின் உள்ளமைப்பு மிக எளிமையானது. 1841-ஆம் ஆண்டில் போகென்டார்ஃப் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி வகுத்த பொட்டென்ஷியோமீட்டர் தத்துவமே அதன் அஸ்திவாரம். வளைந்த மின்தடைப் பட்டை ஒன்றின் இரு முனைகளுக்கிடையே கணினி 5 வோல்ட் மின்னழுத்தத்தை நிலைநிறுத்துகிறது. த்ராட்டில் தண்டோடு சேர்ந்து திரும்பும் மெல்லிய உலோக விரல் அப்பட்டையின் மேல் உராய்ந்து நகர்ந்து, தான் நிற்கும் ஸ்தானத்திற்குரிய மின்னழுத்தத்தை மூன்றாவது ஒயர் வழியே திருப்பி அனுப்புகிறது. கதவு மூடியிருக்கையில் சுமார் அரை வோல்ட், முற்றும் திறந்திருக்கையில் சுமார் நாலரை வோல்ட் என்பது பொதுவான அளவு; துல்லியமான எண் வண்டிக்கு வண்டி வேறுபடுமாதலால், அந்தந்த வண்டிக்குரிய சர்வீஸ் புத்தகமே இவ்விஷயத்தில் பிரமாணம். மூடிய நிலை பூஜ்ய வோல்ட்டாக வைக்கப்படாததற்கும் காரணம் உண்டு: ஒயர் அறுந்தாலோ எர்த்தில் உராய்ந்தாலோ வரும் பூஜ்யத்தையும், கதவு மூடியிருப்பதால் வரும் எண்ணையும் கணினி பிரித்தறிய வேண்டும் அல்லவா?

வெறுந்தட்டிலேயே முள் சாய்ந்து நிற்கும் தராசினால் எத்தனை கவனமாக நிறுத்தாலும் எடை பிழையாகவே வருவதுபோல, மூடிய நிலைக்குரிய எண் பிறழ்ந்த சென்சார் அதன் பின் சொல்லும் ஒவ்வொரு கோணத்தையும் பிறழ்த்தியே சொல்கிறது. ஆயினும் அப்பிழையின் விளைவு எல்லா நிலைகளிலும் சமமானதன்று. இவ்விஷயத்தின் சூட்சுமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. வட்டமான குழாய்க்குள் சுழலும் வட்டத் தகட்டின் ஓரத்தில் உண்டாகும் இடைவெளியைக் கணித்துப் பார்த்தால், மூடிய நிலையிலிருந்து ஒரு பாகை திறந்த கதவு இன்னொரு பாகை திறக்கையில் காற்றுக்கான வழி ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது. அறுபது பாகை திறந்த கதவோ, இன்னொரு பாகை திறப்பதனால் நூற்றில் மூன்று பங்குகூட அதிகம் பெறுவதில்லை. நான்கு வோல்ட் எண்பத்தைந்து பாகைக்குப் பரவியிருக்கிறது என்று கொண்டால், 0.1 வோல்ட் பிழை என்பது இரண்டு பாகைப் பிழை. நெடுஞ்சாலையில் ஒரு பொருட்டாகவே தோன்றாத இந்த இரண்டு பாகை, கடைவீதியில் எஞ்சினின் நடத்தையையே மாற்றிவிடுகிறது. மேலும், சீரான ஓட்டத்தின்போது புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் கலவையின் பிழையை இடைவிடாது திருத்திக்கொண்டே இருப்பதால், வேகமாகச் செல்கையில் குற்றம் மறைந்து, கால் வைக்கும் கணத்திலும் கால் எடுக்கும் கணத்திலும் மட்டுமே வெளிப்படுகிறது. “ரோட்ல நல்லாத்தானே ஓடுது” என்ற சாட்சியத்தை நம்பிச் சென்சாரைக் குற்றமற்றதென்று விடுவித்துவிடுவது ஆகையால் தகாது.

எழுமலைக்கு மேற்கே மல்லப்புரத்திலிருந்து மயிலாடும்பாறைக்கு மலையேறிச் செல்லும் சாலையை நினைத்துப் பாருங்கள். அந்தச் சாலையில் கீழ்நோக்கி வரும் வண்டி, கியரில் இருக்க, ஆக்ஸிலேட்டர் முற்றும் விடப்பட்டிருந்தால், கணினி அதை உணர்ந்து இஞ்செக்டர்களை அடியோடு நிறுத்திவிடுகிறது. ஒரு சொட்டுப் பெட்ரோலும் செலவழியாமல், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்ற, அந்தச் சுழற்சியே வண்டிக்குத் தடையாகவும் உதவுகிறது. இந்த அரிய வசதிக்குக் கதவு மூடியிருக்கிறது என்ற செய்திதான் முக்கிய ஆதாரம். சென்சார் இரண்டு பாகை கூடுதலாகச் சொல்லுமாயின், ஓட்டுநர் இன்னும் காலை எடுக்கவில்லை என்று கருதும் கணினி, இறக்கம் முழுவதும் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே வரக்கூடும். மைலேஜ் ஏன் குறைந்தது என்று உரிமையாளர் வேறெங்கெங்கோ தேடுவார்.

இனி, திருத்தும் முறை. சென்சாரைத் தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டியவை பல. இப்பிரதேசத்துக் கரிசல் புழுதியும் எஞ்சினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் கரியாகப் படிந்திருந்தால், கதவு தன் உண்மையான மூடிய நிலைக்கே வருவதில்லை; ஆகவே முதலில் அதைச் சுத்தம் செய்க, ஆனால் சுத்தம் செய்யும் திரவம் சென்சாருக்குள் இறங்காதபடி துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். ஆக்ஸிலேட்டர் கேபிளில் சிறிது தொய்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவு வந்து முட்டும் ஸ்டாப் ஸ்குருவோ, தொழிற்சாலையில் காற்றோட்டத்தை அளந்து நிர்ணயிக்கப்பட்டது. ஸ்லோ ஸ்பீடைக் கூட்டுவதற்காக அதைத் திருப்புவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இஞ்செக்டர் வண்டிகளில் அந்தப் பழக்கம் செய்திருக்கும் சேதம் கொஞ்சமன்று என்பதே என் எண்ணம்.

அடுத்தது எர்த். டிஜிட்டல் மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சென்சாரின் எர்த் ஒயரிலும், மற்றொன்றைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தால், மீட்டர் ஏறக்குறைய ஒன்றுமே காட்டக் கூடாது. துருப்பிடித்த எர்த் இணைப்பில் 0.1 வோல்ட் தங்கியிருந்தால் அது அப்படியே செய்தியோடு சேர்ந்து, கதவு திறந்திருப்பதாகப் பொய்த்தோற்றம் தரும். அந்நிலையில் சென்சாரைத் திருப்புவது ஒரு பிழையை இன்னொரு பிழையால் மறைப்பதாகும். டெஸ்ட் லாம்ப் கொண்டு இந்த ஒயர்களைச் சோதிக்கவே கூடாது. அது இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்கும்படி கணினியின் சுற்று அமைக்கப்படவில்லை.

இவை யாவும் சரியென்று கண்டபின், எஞ்சினை ஓட விடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, கப்ளரைக் கழற்றாமல் அதன் பின்புறமாக மெல்லிய ஊசியை நுழைத்துச் செய்தி ஒயரின் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். சர்வீஸ் புத்தகத்தின் எண்ணுக்கும் இதற்கும் பேதம் இருந்தால், இரு ஸ்குருக்களையும் சிறிதே தளர்த்தி, சென்சாரின் உடலை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, எண் பொருந்தியதும் இறுக்க வேண்டும். இறுக்கும்போது உடல் சற்றே நகர்ந்து எண் மாறுவது சகஜமாதலால், இறுக்கிய பிறகு மறுபடி அளப்பது இன்றியமையாதது. மூடிய நிலையை அறிவிக்கத் தனிச் சுவிட்ச் உள்ள சில பழைய மாதிரிகளில், ஸ்டாப் ஸ்குருவுக்கும் த்ராட்டில் நெம்புகோலுக்கும் இடையே குறித்த கனமுள்ள ஃபீலர் கேஜைச் செருகி, எந்தக் கனத்தில் சுவிட்ச் இணைகிறது, எதில் பிரிகிறது என்று பார்த்துத் திருத்துவார்கள்.

பிறகு கதவைக் கையால் மிக மெதுவாகத் திறந்துகொண்டே மீட்டரைக் கவனிக்க வேண்டும். எண் தடையின்றி ஏறுமாயின் சென்சார் ஆரோக்கியமானது. முதல் கால் பாகத்திற்குள் எங்கேனும் எண் திடீரென விழுந்து எழுந்தால், அங்கே பட்டை தேய்ந்துவிட்டது. நகரத்திலும் கிராமத்திலும் நம் ஓட்டமெல்லாம் பெரும்பாலும் அந்தச் சிறு பகுதிக்குள்ளேயே நடப்பதால் தேய்மானமும் அங்கேயே நேர்கிறது. தேய்ந்த சென்சாரை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஸ்குரு துளைகள் நீள்வட்டமாக வெட்டப்பட்டிருக்கும் சென்சார்களுக்கு மட்டுமே இந்தத் திருத்தம் பொருந்தும். துளைகள் வட்டமாக இருந்தால், சாவி போட்டவுடன் காணும் மிகக் குறைந்த மின்னழுத்தத்தையே மூடிய நிலையாகக் கற்றுக்கொள்ளும் கணினி அவ்வண்டியில் இருக்கக்கூடும். அந்தத் துளைகளை அரத்தால் ராவி அகலப்படுத்துவது கணினியின் கணக்கைக் குலைக்கும் காரியம். கேபிளே இல்லாமல் மோட்டாரால் கதவைத் திறக்கும் புதிய வண்டிகளில், இரட்டை அளவீட்டுச் சென்சார்கள் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்கின்றன. அங்கே ஸ்குரு டிரைவருக்கு வேலையில்லை, ஸ்கேனர் கருவியே வேண்டும். பழைய வண்டியைத் திருத்தி முடித்தபின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் முறைப்படி கணினியின் பழைய நினைவை அழித்து, எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு, அதன் பிறகே ஸ்லோ ஸ்பீடைப் பார்க்க வேண்டும். முதல் சில கிலோமீட்டர்களில் அது சற்று ஏறி இறங்கினாலும், கணினி கற்றுக்கொண்டவுடன் நிலைபெறும்.