தீ மொட்டை அடித்த மலை!

அமெரிக்காவில் ஒரு மலை இருக்கிறது. அதன் உடம்பெல்லாம் பச்சைக் காடு. தலை மட்டும் மொட்டை!

மலையின் பெயர் மொனாட்நாக். நியூஹாம்ப்ஷயர் மாநிலத்தின் தெற்குப் பகுதியில், ஜாஃப்ரி, டப்ளின் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே அது நிற்கிறது. உயரம் 3,165 அடி.

"மலை உச்சியில் மரம் இல்லை. இதில் என்ன அதிசயம்?" என்று நீங்கள் கேட்கலாம்.

அதே மாநிலத்தில் 4,000 அடிக்கு மேல் உயர்ந்த மலைகள் பல உண்டு. அவற்றில் எத்தனையோ மலைகளில் உச்சிவரை மரங்கள் அடர்ந்திருக்கின்றன. அவற்றைவிடக் குட்டையான இந்த மலையின் தலையில் மட்டும் வெறும் பாறை! குளிர் அதற்குக் காரணம் அல்ல. காற்றும் காரணம் அல்ல.

மொட்டை அடித்தது மனிதன்!

லட்சம் பேர் ஏறும் மலை

உலகத்திலேயே மிக அதிகம் பேர் ஏறும் மலைகளில் மொனாட்நாக் மலையும் ஒன்று. ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஏறுகிறார்கள். பாஸ்டன் நகரம் சுமார் 60 மைல் தூரத்தில்தான் இருக்கிறது. காலையில் புறப்பட்டு, மலை ஏறி இறங்கி, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். குழந்தைகளும் ஏறுகிறார்கள். தாத்தா, பாட்டிகளும் ஏறுகிறார்கள்.

உச்சிக்குப் பல பாதைகள் உண்டு. அதிகம் பேர் போவது ஒரு பாதையில் ஏறி, வேறு பாதையில் இறங்கும் சுற்று வழியில்தான். மொத்தம் 4 மைலுக்குச் சற்று அதிகம். 1,800 அடி உயரம் ஏறவேண்டும். 3 மணி முதல் 5 மணி நேரம் ஆகும்.

மிகவும் கடினம் அல்ல. மிகவும் சுலபமும் அல்ல. கோவில் படிக்கட்டு ஏறிப் பழகியவர்களுக்குக்கூட முழங்கால் வலிக்கும்!

புள்ளியும் சிலுவையும்

ஏறும் பாதைக்கு "வெள்ளைப் புள்ளி" என்று பெயர். இறங்கும் பாதைக்கு "வெள்ளைச் சிலுவை" என்று பெயர்.

ஏன் இந்தப் பெயர்கள்? வழி நெடுகப் பாறைகளிலும் மரங்களிலும் வெள்ளைச் சாயத்தால் அடையாளம் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் புள்ளி, மற்றொன்றில் சிலுவைக் குறி. ஓர் அடையாளத்தில் நின்று பார்த்தால் அடுத்த அடையாளம் தெரியும். சின்னக் குழந்தைகூட வழி சொல்லிவிடும்!

முதல் முக்கால் மைல் அகலமான காட்டுப் பாதை. பேசிக்கொண்டே நடக்கலாம். பிறகு ஃபால்கன் ஊற்று என்ற இடம் வருகிறது. அதன் அருகில்தான் இரண்டு பாதைகளும் பிரிகின்றன.

அங்கிருந்து பேச்சு நின்றுவிடும். மூச்சு வாங்கும்! வெள்ளைப் புள்ளிப் பாதை செங்குத்தாகப் பாறைகளின் மேல் ஏறுகிறது. சில இடங்களில் கையையும் ஊன்றவேண்டும்.

ஏற ஏற மரங்கள் சின்னதாகிக்கொண்டே போகின்றன. கீழே வானத்தை மறைத்த மரம், மேலே ஆள் உயரம்தான். இன்னும் மேலே இடுப்பளவு. கடைசியில் மரமே இல்லை. பாறை, அதன்மேல் கற்பாசி, பாறை இடுக்கில் கொஞ்சம் புல், அவ்வளவுதான்.

இங்கேதான் அந்தப் பழைய கதை தொடங்குகிறது.

ஓநாயைப் பிடிக்க வைத்த தீ

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு இந்த மலையின் உச்சியிலும் மரங்கள் இருந்தன. ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் அடர்ந்து நின்றன.

1800-ம் ஆண்டு வாக்கில், அடிவாரத்தில் குடியேறிய விவசாயிகள் மேய்ச்சல் நிலத்துக்காகக் காட்டுக்குத் தீ வைத்தார்கள். தீ அவர்கள் நினைத்த இடத்தோடு நிற்கவில்லை. மலைமேல் ஏறியது. பச்சை மரங்கள் பட்டுப்போயின.

1815-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அந்த வட்டாரத்தைப் பெரும் புயல் தாக்கியது. மலைமேல் மரங்கள் சாய்ந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன.

விவசாயிகளின் ஆடுகளை ஓநாய்கள் கொன்றுவந்தன. "விழுந்து கிடக்கும் மரங்களுக்கு அடியில்தான் ஓநாய்கள் குடியிருக்கின்றன" என்று மக்கள் நம்பினார்கள். ஆடு போனால் அந்தக் குடும்பத்துக்குக் கம்பளி இல்லை, காசும் இல்லை. ஆத்திரம் வராமல் இருக்குமா?

1820-ம் ஆண்டு வாக்கில் மலைக்கு மறுபடியும் தீ வைத்தார்கள்.

காய்ந்த மரங்கள் அல்லவா! வாரக்கணக்கில் எரிந்தது. மரம் எரிந்தது, வேர் எரிந்தது, மண்ணில் கலந்திருந்த சருகும் மக்கும் எரிந்தன. பிறகு மழை பெய்தது. பிடித்துக்கொள்ள வேர் இல்லாத மண் முழுவதும் கரைந்து ஓடிவிட்டது. மிஞ்சியது எலும்பு போன்ற பாறை.

ஓநாய்களை ஒழிக்க வைத்த தீ மலையின் தலையை மழித்துவிட்டது!

போன மண் திரும்புமா?

மலையின் பாறைக்கு வயது சுமார் 40 கோடி ஆண்டு. ஒரு காலத்தில் அது கடலடிச் சேறு. பூமிக்குள் அழுந்தி, வெந்து, மடிந்து பாறையாகி, மேலே வந்தது.

பனியுகத்தில் பெரும் பனிப்பாளம் இந்த மலையையே மூடியிருந்தது. அது நகர்ந்தபோது பாறையை உரசிய கீறல்களை இன்றும் காணலாம். பனி விலகியபின் கற்பாசி வந்தது, பிறகு புல் வந்தது, செடி வந்தது, மரம் வந்தது. இலை உதிர்ந்து, மக்கி, துளித்துளியாக மண் சேர்ந்தது. அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன.

அந்த மண் போவதற்கு 20 ஆண்டுகள் போதுமானதாக இருந்தன!

200 ஆண்டுகள் ஆகியும் உச்சியில் காடு திரும்பவில்லை. ஆனால் இயற்கை சும்மா இருக்கவில்லை. பாறை இடுக்குகளில் ஒரு சிறு செடி வளர்கிறது. அதன் இலை நுனியில் மூன்று பற்கள் இருக்கும். கோடையில் வெள்ளைப் பூ பூக்கும். இதைப் போன்ற செடிகள்தான் உச்சியில் மறுபடியும் மண் சேர்க்கின்றன.

காந்தியடிகள் படித்த எழுத்தாளர்

இந்தச் செடிகளைப் பார்ப்பதற்கென்றே மலை ஏறியவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஹென்றி டேவிட் தோரோ. அநியாயமான சட்டத்துக்குப் பணியக்கூடாது என்று அவர் எழுதிய கட்டுரையைக் காந்தியடிகள் படித்துப் போற்றினார்.

தோரோ 1844, 1852, 1858, 1860 ஆகிய ஆண்டுகளில் மொனாட்நாக் மலைக்குப் போனார். கடைசித் தடவை நண்பர் ஒருவருடன் மலைமேலேயே குடிசை போட்டு ஐந்து இரவுகள் தங்கினார். எங்கே எந்தச் செடி முளைத்திருக்கிறது, எந்தப் பறவை வருகிறது என்று குறிப்பு எழுதினார். பெருந்தீ எரிந்து 40 ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? உளியால் தங்கள் பெயரை உச்சிப் பாறையில் செதுக்கிவிட்டு வந்தார்கள்! அந்தப் பெயர்கள் இன்றும் இருக்கின்றன. செதுக்கியவர்களில் பலர் யார் என்றுதான் இன்று நமக்குத் தெரியாது.

தீ வைத்தவர்களே காவல்

மலையை அழித்ததும் மனிதன், காத்ததும் மனிதன்.

1880-களில் ஜாஃப்ரி ஊர் மக்கள் உச்சிப் பகுதியில் நிலத்தைப் பொதுவாக்கிக்கொண்டார்கள். 1901-ம் ஆண்டு தொடங்கிய நியூஹாம்ப்ஷயர் காட்டுப் பாதுகாப்புச் சங்கமும் பிறகு சேர்ந்துகொண்டது. தீ வைத்த அதே மலையின் உச்சியில், 1911-ம் ஆண்டு, காட்டுத் தீயைக் கண்காணிக்க ஒரு காவல் நிலையம் வந்தது! 1987-ம் ஆண்டு மலை தேசிய இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இப்போது புதிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அது தீ அல்ல, கால்!

ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் என்றால் இரண்டு லட்சம் கால்கள். ஒரு பிடி மண்ணில் வேர் விட்ட செடியை ஒரு பூட்ஸ் கால் ஒரு நொடியில் நசுக்கிவிடும். அதனால்தான், "செடியை மிதிக்காதீர்கள். பாறைமேல் நடங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். நாய்களைக் கூட்டிவரவும் அனுமதி கிடையாது.

உச்சியில்...

உச்சியில் நின்றால் நாலு பக்கமும் திறந்த வெளி. அருகில் போட்டியாக வேறு பெரிய மலை இல்லை. "மொனாட்நாக்" என்ற செவ்விந்தியர் சொல்லுக்கே தனித்து நிற்கும் மலை என்று பொருள் சொல்கிறார்கள். சமவெளியில் தனியாக எஞ்சி நிற்கும் எந்த மலையையும் பூகோள நூல்கள் "மொனாட்நாக்" என்று அழைப்பது இந்த மலையை வைத்துத்தான்.

வானம் தெளிவாக இருந்தால் பாஸ்டன் நகரத்து உயரமான கட்டிடங்கள் தெரியும். இந்தக் காட்சியை மறைக்க மரம் இல்லாததும் அந்தத் தீயினால்தான்!

இறங்கும்போது வெள்ளைச் சிலுவைப் பாதை நல்லது. அது அவ்வளவு செங்குத்து அல்ல. ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும். இறங்கும்போதுதான் கால் இடறும். மழை பெய்தால் பாறை வழுக்கும். கீழே வெயில் அடித்தாலும் மேலே குளிர்காற்று வீசும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீரும், ஒரு கம்பளிச் சட்டையும், இருட்டுமுன் திரும்பும் எண்ணமும் இருந்தால் பயமில்லை.

இறங்க இறங்க, இடுப்பளவு மரம் ஆள் உயரமாகிறது. ஆள் உயர மரம் வானத்தை மறைக்கிறது. ஒரு காலத்தில் உச்சியும் இப்படித்தான் இருந்தது.

காட்டை எரிக்க ஒரு கொள்ளிக்கட்டை போதும். அதைத் திருப்பித் தர 200 ஆண்டுகள் போதவில்லை!