விழப் பார்த்த கோபுரம்!

இத்தாலி நாட்டில் பீசா என்று ஓர் ஊர். நம் பள்ளிக்கூடத்தில் "பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரம்" என்று படித்தோமே, அந்த ஊர்தான். அங்கே உள்ளவர்கள் "பீசா" என்றுதான் சொல்கிறார்கள்.

புளோரன்ஸ் நகரில் காலையில் ரெயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் பீசா வந்துவிடும். பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். பழைய ரெயில் பாதை இது. 1848-ம் ஆண்டிலேயே போட்டு முடித்துவிட்டார்கள். வழியில் பொன்டெதெரா என்ற ஊர் வரும். நம் ஊர்த் தெருக்களில் ஓடிய வெஸ்பா ஸ்கூட்டருக்கு அதுதான் தாய்வீடு.

காகித டிக்கெட் வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. வண்டி ஏறும் முன், நிலையத்தில் உள்ள சிறிய எந்திரத்தில் டிக்கெட்டைச் செருகி முத்திரை போடவேண்டும். மறந்தால், டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்தான்!

பீசா நிலையத்தில் இறங்கி நடந்தால், ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, அரை மணி நேரத்துக்குள் கோபுரம். பச்சைப் புல்வெளி. அதன்மேல் வெள்ளைச் சலவைக் கல்லில் ஒரு பெரிய தேவாலயம். பக்கத்தில் அதன் மணிக்கூண்டு. அந்த மணிக்கூண்டைத்தான் நாம் சாய்ந்த கோபுரம் என்கிறோம்.

படத்தில் பார்த்தது வேறு. நேரில் பார்ப்பது வேறு. "ஐயோ, விழுந்துவிடுமோ!" என்று நெஞ்சு ஒரு கணம் பதறும்.

ஏன் சாய்ந்தது?

1173-ம் ஆண்டில் கட்டத் தொடங்கினார்கள். அடியில் இருப்பது களிமண்ணும் மணலும் கலந்த மெத்தை போன்ற தரை. அஸ்திவாரத்தின் ஆழமோ சுமார் 10 அடிதான்! மூன்றாவது அடுக்கு எழும்பும்போதே சாய ஆரம்பித்துவிட்டது. அப்போது போர் வந்து வேலை நின்றது. ஏறக்குறைய 100 ஆண்டு அப்படியே கிடந்தது. அதுவே நல்லதாகப் போயிற்று. அந்த இடைவெளியில் அடிமண் இறுகிவிட்டது. விடாமல் கட்டியிருந்தால் அன்றே விழுந்திருக்கும் என்கிறார்கள் என்ஜினீயர்கள்.

பிறகு வந்த கொத்தர்கள், தாழ்ந்த பக்கத்தில் கல்லை உயர்த்தி வைத்து நிமிர்த்தப் பார்த்தார்கள். அதனால் கோபுரம் வாழைப்பழம்போல் லேசாக வளைந்திருக்கிறது. உயர்ந்த பக்கம் 186 அடி. தாழ்ந்த பக்கம் 183 அடி. எடை 14,500 டன்!

1934-ல் முசோலினியின் ஆட்சியில் அஸ்திவாரத்தில் சிமெண்டுக் கலவையைச் செலுத்தினார்கள். கோபுரம் இன்னும் கொஞ்சம் சாய்ந்ததுதான் மிச்சம்.

கதவை மூடினார்கள்

1989-ம் ஆண்டு, பாவியா என்ற ஊரில் ஒரு பழைய கோபுரம் திடீரென்று இடிந்து விழுந்தது. 4 பேர் மாண்டார்கள். அந்தக் கோபுரம் சாயக்கூட இல்லை! பீசாவுக்குப் பயம் பிடித்தது. 1990 ஜனவரியில் கோபுரத்தை மூடிவிட்டார்கள்.

முதலில், சாயாத வடக்குப் பக்கத்து அடிவாரத்தில் 600 டன் ஈயக் கட்டிகளை அடுக்கினார்கள். கொஞ்சம் பலன் கிடைத்தது. 1995-ல் வேறொரு வேலைக்காகத் தரையை உறைய வைத்தார்கள். வந்தது ஆபத்து! ஓர் ஆண்டில் சாய்கிற அளவு ஒரே இரவில் சாய்ந்தது. அவசர அவசரமாக மேலும் ஈயம் கொண்டுவந்து ஏற்றினார்கள். அன்று அங்கே இருந்தவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும்!

கடைசியில் கைகொடுத்த வழி மிகவும் எளியது. வடக்குப் பக்கத்தில் சரிவாகக் குழாய்களை இறக்கி, அடியில் உள்ள மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். அந்தப் பக்கம் தரை தணிந்தது. கோபுரம் தானாக நிமிர்ந்தது. உச்சி சுமார் ஒன்றரை அடி பின்னுக்கு வந்தது. "போதும்" என்று அதோடு நிறுத்திவிட்டார்கள். முழுக்க நிமிர்த்திவிட்டால் பார்க்க யார் வருவார்கள்? 2001 டிசம்பரில் கதவு மறுபடி திறந்தது.

இன்று யாரும் ஏறலாம். 250-க்கு மேற்பட்ட படிகள். நூற்றாண்டுக் கணக்கில் மிதிபட்டுத் தேய்ந்த சலவைக் கற்கள். சாய்ந்த பக்கம் வரும்போது உடம்பு தானாகச் சுவர் ஓரம் போகும். 8 வயது ஆகாத குழந்தைகளை மட்டும் விடமாட்டார்கள். குழந்தையோடு போகிற தம்பதிகள் ஒருவர் மாற்றி ஒருவர் ஏறவேண்டியதுதான்.

விஞ்ஞானி கலிலியோ பிறந்த ஊர் இது. அவர் இந்தக் கோபுரத்திலிருந்து குண்டுகளைப் போட்டுச் சோதித்தார் என்று ஒரு கதை உண்டு. அவருடைய சீடர் எழுதி வைத்தது. நடந்ததா என்பது சந்தேகமே.

கீழே புல்வெளி ஓரத்தில் வேறொரு வேடிக்கை. ஆணும் பெண்ணும் வெறும் காற்றில் கையை நீட்டி நிற்பார்கள். கோபுரத்தைத் தாங்கிப் பிடிப்பதுபோல் போட்டோ!

திரும்புகிற வழியில், ஆற்றங்கரைப் பக்கம் புனித நிக்கோலா கோவில் இருக்கிறது. அதன் மணிக்கூண்டும் சாய்ந்துதான் நிற்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் ஆள் இல்லை.